வட்ஸ்அப் கொமியூனிட்டி ரிவியூ: வெறுப்புப் பரப்புற குறூப்பைக் கழட்டி விடலாமா?

வட்ஸ்அப் கொமியூனிட்டி பத்தித் தமிழில எழுதின ஆக்கள் எல்லாம் எப்பிடி உருவாக்குறது, எந்த பட்டனை அமத்துறது எண்டதோட நிப்பாட்டிட்டாங்க. இலங்கையிட கிழக்குக் கரையில, எங்கட பக்கத்து ஆக்களுக்கு அது பெரிய கேள்வியே இல்ல. கல்முனை ரோட்டில பஸ்ஸில போனா ஒரு தமிழ் ஊர், அடுத்தது முஸ்லிம் ஊர், திரும்பத் தமிழ் ஊர், அம்பாறைப் பக்கம் திரும்பினா சிங்கள ஊர். இப்பிடிக் கிடக்கிற இடத்தில நாலஞ்சு ஊர்க் குறூப்பை ஒண்டாத் தொடுத்து வெச்சிருக்கக்குள்ள அதில ஒண்டு அரசியல் வெறியில போகத் தொடங்கினா என்ன செய்யிற, கழட்டி விட இந்த ஆப் வழி வெச்சிருக்கா, வழி இருந்தாலும் கழட்டுறது சரியா? இதைத்தான் இந்த ரிவியூவில எழுதப் போறன், மற்ற வசதியெல்லாம் இடையில சொல்லுறன்.

தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம். 2022 நவம்பரில எல்லா நாட்டுக்கும் விட்ட வசதி இது. தனித்தனியா ஓடுற குறூப்புகளை ஒரு பேருக்குக் கீழ கொண்டு வரலாம், எல்லாருக்கும் பொதுவா ஒரு அறிவித்தல் குறூப் இருக்கும், அதில அட்மின்மார் மட்டும்தான் செய்தி போடலாம். அந்த அறிவித்தல் குறூப்பில இருக்கிற ஆக்கள்ட நம்பர் மற்ற ஆக்களுக்குத் தெரியாது, அட்மினுக்கும் ஏற்கெனவே அந்த நம்பரைச் சேமிச்சு வெச்சிருக்கிற ஆக்களுக்கும்தான் தெரியும். எங்கட ஊருகளுக்கு இது பெரிய விசயம், ஏனெண்டா நம்பர் எல்லாருக்கும் தெரியும் எண்ட ஒரே காரணத்துக்காகப் பொதுக் குறூப் பக்கமே வராத பொம்பிளைகள் எத்தினையோ பேர், இப்ப அவங்க ரத்த தான அறிவித்தலுக்கும் வேலை விளம்பரத்துக்கும் பயமில்லாம இருக்கிறாங்க. இதுக்கு மட்டும் கேட்டாலே நான் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பன்.

நாங்க இதை நடத்துறது கல்லாறு தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும் உள்ள ஆக்களுக்கு. ரத்தம் தேவைப்பட்டா, மாடு தொலைஞ்சா, நெல்லு விலை என்ன போகுது, எங்க வேலை இருக்கு, மாரி வந்தா எந்த ரோட்டில வெள்ளம் ஏறிட்டு, எந்தக் குளத்து வான்கதவு திறக்கப் போறாங்க, இதுகள்தான் ஓடும். 2024 நவம்பர் கடைசியில வந்த வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாவடிப்பள்ளிப் பக்கம் மதரசாப் பிள்ளைகள் ஏறி வந்த ட்ரக்டரைத் தண்ணி அடிச்சிட்டுப் போனது நவம்பர் 26. அண்டைக்கு எந்த ரோட்டால போகலாம், எந்த ரோட்டால போகக் கூடாது எண்ட செய்தி ஊர் பார்த்து, சமயம் பார்த்து நிக்காம ஓடணும் எண்டு இந்தக் கரையில உள்ள எல்லாருக்கும் விளங்கிச்சு. இந்தத் தொடுப்பு வேணும் எண்டு நான் நினைக்கிறதுக்குக் காரணம் இதுதான், இதைக் காப்பாத்தணும் எண்டுதான் மற்றதெல்லாம் கதைக்கிறன்.

இப்ப விசயத்துக்கு வாறன். எங்களோட தொடுத்திருந்த ஒரு குறூப், ஊர் பேர் சொல்லல்ல, தமிழ்ப் பொடியனுகள்ட குறூப். வெள்ளத்துக்குள்ள தோணி எடுத்துப் படுவான்கரைப் பக்கம் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போன பொடியனுகள், நல்ல உழைப்பு, அதை ஆரும் மறுக்கேலாது. உள்ளூராட்சி எலெக்சன் கிட்ட வரக்குள்ள குறூப்பிட பேர் மாறிச்சு, படம் மாறிச்சு, மறுகா நாளாந்தம் வாற செய்தியும் மாறிச்சு. முதல்ல காணிப் பிரச்சினை பத்தின போஸ்ட், அதில தப்பில்ல, காணிப் பிரச்சினை உண்மையாவே இருக்கு. மறுகா பழைய வீடியோ. மறுகா முஸ்லிம் ஆக்கள்ட கடைப் பட்டியல் ஒண்டு, போட்டோவோட. இந்த இந்தக் கடையில சாமான் வாங்காதீங்க, அவனுகள்ட கடை, வாங்கினா நீ இனத் துரோகி எண்டு. பட்டியல்ல இருந்த கடைக்காரர் ஒருத்தர் எங்கட ரத்த தானக் குறூப்பில உள்ள ஆள். கூப்பிட்ட நேரமெல்லாம் கடையைச் சாத்திட்டு வந்து ரத்தம் குடுத்த மனிசன்.

எங்களோட அட்மினா இருக்கிற மருதமுனை நானா, முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், எனக்கு ஒரு வொய்ஸ் போட்டார். கோவப்படல்ல. "தம்பி, அது அவங்கட குறூப்புதான், எனக்குத் தெரியும். ஆனா நம்மட பேருக்குக் கீழதானே கிடக்கு, எங்கட ஊருப் பொடியன் ஒருத்தன் புதுசா வந்து பட்டியலைத் திறந்தா அதையும்தானே காணுவான்" எண்டார்.

இந்த இடத்தில ஆப் எப்பிடி வேலை செய்யுது எண்டதைக் கவனிக்கணும். கொமியூனிட்டிக்குள்ள வாற ஒரு ஆளுக்கு, அதில தொடுத்திருக்கிற மற்றக் குறூப்புகளும் பட்டியலாத் தெரியும், விரும்பினா சேரலாம். அப்ப தொடுத்து வெக்கிறது எண்டா சும்மா பக்கத்தில இருக்கிறது இல்ல, "இவங்களும் நம்மட ஆக்கள்தான், போய்ச் சேருங்க" எண்டு எங்கட வாயால சொல்லுறது. ரத்தம் தேடி வந்த தாய்க்கு எங்களில இருக்கிற நம்பிக்கையை எடுத்து அந்தக் கடைப் பட்டியல் போட்டவனுக்கு நாங்க குடுக்கிறம். ஆக்கள் "கருத்துச் சுதந்திரம்" எண்டு தொடங்கக்குள்ள நான் திரும்பத் திரும்பச் சொல்லுறது இதைத்தான். அவனுகள்ட வாயை நாங்க மூடல்ல. தொடுப்பைக் கழட்டினா குறூப் அழியாது, ஒரு மெசேஜும் போகாது, அவங்க இருந்த மாதிரியே இருப்பாங்க. எங்கட பேரை மட்டும்தான் திருப்பி எடுக்கிறம். கதைக்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு, எங்கட நம்பிக்கையைச் செலவழிச்சுக் கதைக்கிற உரிமை இல்ல.

இது வெறும் கதைதானே, கடைப் பட்டியலால என்ன நடக்கப் போகுது எண்டு கேக்கிற ஆக்களுக்கு அம்பாறை டவுனை ஞாபகப்படுத்துறன். 2018 பெப்ரவரி 26 ராத்திரி ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, சாப்பாட்டுக்குள்ள பிள்ளை பிறக்காம ஆக்குற மாத்திரை கலக்கிறாங்க எண்டு ஒரு கதை. கடையில இருந்தவரைச் சுத்தி நிண்டு மிரட்டிக் கேட்டு, அவர் தலையாட்டினதை வீடியோ எடுத்து, அது போன் போனாப் பறந்து, கடையும் பள்ளிவாசலும் அடி வாங்கினது. மறுகா அரச பகுப்பாய்வாளர் பரிசோதிச்சுப் பார்த்தா அது மாவுக் கட்டி. அப்பிடிச் சாப்பாட்டில கலந்து குடுக்கிற மாத்திரை எண்டு ஒண்டு உலகத்திலேயே இல்ல. ஆனா அது தெரிய வாறதுக்கு முதலே மார்ச் மாசம் கண்டிப் பக்கம் திகன எரிஞ்சு, 6ஆம் திகதி அவசரகால நிலை போட்டு, 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நாடு முழுக்க நிப்பாட்டினாங்க. வட்ஸ்அப்பையும் வெச்சிருக்கிற பேஸ்புக் கொம்பனி 2020 மே மாசம்தான் அதில தங்கட பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. ரெண்டு வருசம் கழிச்சு. ஆக, மேல இருக்கிற கொம்பனி பார்த்துக் கொள்ளும் எண்டு நாங்க கையைக் கட்டிட்டு இருக்கேலாது, சிங்களத்திலயும் தமிழிலயும் இங்க என்ன எழுதுறாங்க எண்டு கண்டுபிடிக்கிறதுக்குள்ள இங்க கடை எரிஞ்சிடும்.

கடைப் பட்டியல் எங்கட மண்ணில சும்மா பட்டியல் இல்ல. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்ல தொழுகையில நிண்ட நூறு பேருக்கு மேல சுட்டுக் கொன்டது, அதே வருசம் செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில பிள்ளை குட்டியோட தமிழ்ச் சனத்தைக் கொன்டது, ரெண்டையும் பார்த்த ஆக்கள் இன்னும் இந்த ரோட்டில நடந்து திரியிறாங்க. "அவனுகள்" எண்டு ஒரு சொல்லில முழுச் சனத்தையும் கட்டிக் கதைக்கிற பழக்கம் அந்த வருசத்தில எங்க கொண்டு போய் விட்டது எண்டு அவங்களுக்குத் தெரியும். இருபது வயசுப் பொடியனுக்குத் தெரியாது, அவனுக்கு அது வீடியோவில வாற பழைய கதை.

வெளிநாட்டிலயும் இந்தக் கேள்வி வந்திருக்கு. மஸ்டோடன் எண்டு ஒண்டு இருக்கு, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன சேர்வர் ஒண்டோட ஒண்டு தொடுத்து ஓடுறது, ஒரு முதலாளி எண்டு இல்ல, ஒவ்வொரு சேர்வரையும் நடத்துறவங்களே ஆரோட தொடுக்கிற, ஆரைக் கழட்டுற எண்டு தீர்மானிக்கலாம். 2019 ஜூலையில கேப் எண்ட தளம் அதே மென்பொருளை எடுத்துக்கொண்டு அதுக்குள்ள வந்திச்சு. வெள்ளை இனவெறிக்காரர் கூடி இருந்த இடம் அது, 2018 ஒக்டோபரில பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில 11 பேரைச் சுட்டவன் அதில எழுதிட்டுத்தான் போனவன். கேப் வந்ததும் நிறைய சேர்வர்காரங்க தங்கட பக்கத்தால தொடுப்பை வெட்டினாங்க, சில ஆப் செஞ்சவங்க அதுக்குள்ள லொகின் பண்ணவே விடல்ல. ஆரும் சட்டம் போடல்ல, பொலிசு வரல்ல, நடத்துற ஆக்களே முடிவெடுத்தாங்க. ஆள் தொகையில பெரிசா இருந்தும் கேப் அந்த வலையில தனிச்சுப் போச்சு.

வெட்டினா பலன் இருக்கா எண்டு கேட்டா, ரெடிட் எண்ட இணையத் தளத்தில நடந்ததை வெச்சு ஆய்வு இருக்கு. 2015இல கறுப்பின ஆக்களையும் உடம்பு பெருத்த ஆக்களையும் கேவலப்படுத்துற ரெண்டு பெரிய குழுக்களை மூடினாங்க. அதில இருந்த கனபேர் தளத்தை விட்டே போயிட்டாங்க, மிஞ்சி நிண்டவங்க எழுதுறதில வெறுப்புச் சொல்லு 80 வீதமாவது குறைஞ்சிருக்கு, அவங்க போய்ச் சேர்ந்த மற்றக் குழுக்களும் கெடல்ல. ஆனா 2020 ஜூன் மூடின ட்ரம்ப் ஆதரவுக் குழு வேற மாதிரி. அவங்க தனித் தளம் ஒண்டு செஞ்சு போயிட்டாங்க, ஆள் தொகையும் எழுதுறதும் குறைஞ்சது, ஆனா போன ஆக்கள்ட பேச்சு முன்னையை விடக் கடுமையாப் போச்சு. இந்த ரெண்டாவது பக்கத்தை மறைச்சுப் போட்டு "வெட்டுங்க, எல்லாம் சரியாகும்" எண்டு நான் சொல்ல மாட்டன்.

எங்கட அட்மின்மாரில ஒரு டீச்சர் இருக்கிறா, அவ சொன்னதும் இதைத்தான். "கழட்டி விட்டா அந்தப் பொடியனுகளோட கதைக்க மிச்சம் இருக்கிறது அவனுகளை உசுப்பேத்துற ஆக்கள் மட்டும்தான், எங்கட குரல் அங்க கேக்கிற கடைசி வழியையும் நாங்களே அடைக்கிறம்" எண்டா. அவட கையில படிச்ச பிள்ளைகள் அதுக்குள்ள இருக்குதுகள், அவட நோவு எனக்கு விளங்கும். ஆனா நான் சொன்னது, டீச்சர், நீங்க அவனுகளோட கதைக்கிறதுக்கு இந்தத் தொடுப்பு தேவையே இல்ல, நீங்க வீட்டுக்குக் கூப்பிட்டாலே வருவானுகள். தொடுப்பு வெச்சிருக்கிறதால கேக்கிறது உங்கட குரல் இல்ல, அவனுகள்ட குரல்தான் எங்கட பிள்ளைகளுக்குக் கேக்குது. குறூப்பைக் கழட்டுவம், ஆளைக் கழட்டத் தேவையில்ல. அப்பிடித்தான் செஞ்சது. அந்தப் பொடியனுகளில ரத்தம் குடுக்கிற ஆக்கள் இண்டைக்கும் ரத்தக் குறூப்பில இருக்கிறாங்க.

ஒதுக்கினா மறைஞ்சு போய்ப் பெரிசா வெடிக்கும் எண்டு சொல்லுற ஆக்கள் உடனே 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பை முன்னுக்கு நிண்டு நடத்தின காத்தான்குடி ஸஹ்ரானைக் காட்டுவாங்க. அந்தக் கதையைச் சரியாப் பார்க்கணும். காத்தான்குடிச் சனம் அவனைத் தூக்கி வெச்சிருக்கல்ல. அவங்களே முறைப்பாடு குடுத்தவங்க, 2017 மார்ச்சில அங்க நடந்த மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவு. அவன்ட வீடியோக்கள் மட்டும் இணையத்தில கிடந்திச்சு. 2019 ஏப்ரல் 21 அவன்ட கூட்டம் வெச்ச குண்டில மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில ஞாயிறு வகுப்பு முடிச்சு நிண்ட பிள்ளைகள் செத்துதுகள். வரப் போகுது எண்டு புலனாய்வுத் தகவல் முதலே வந்தும் தடுக்கல்ல எண்டதுக்காக 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 100 மில்லியன் ரூபா இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது. சனம் ஒதுக்கினது பிழை இல்ல, சனம் சொன்னதைக் கேக்க வேண்டிய ஆக்கள் கேக்காததுதான் பிழை. ஊர் அவனை ஒதுக்காம, பரவால்ல நம்மட பொடியன்தானே எண்டு பக்கத்தில வெச்சிருந்தா இன்னும் எத்தினை பிள்ளைகள் அவனுக்குப் பின்னால போயிருக்கும்?

சரி, எது தீவிரம் எண்டு ஆர் சொல்லுற? இந்தக் கேள்விக்கு நான் கனக்க யோசிச்சன், ஏனெண்டா எங்கட நாட்டில அரசாங்கம் இந்தச் சொல்லை எப்பிடிப் பாவிக்குது எண்டு எங்களுக்குத் தெரியும். 2021 மே 18 கிரான் கடற்கரையில முள்ளிவாய்க்கால் நினைவுக்கு விளக்கு வெச்ச 10 பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சாங்க. தமிழில கவிதை எழுதின ஒரு முஸ்லிம் பொடியனை 2020இல அதே சட்டத்தில பிடிச்சு ஒண்டரை வருசத்துக்கு மேல உள்ள வெச்சாங்க, 2023இல நீதிமன்றம் விடுதலை செஞ்சது. 2024இல நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எண்டு 9ஆம் இலக்கச் சட்டம் வந்திச்சு, அதையும் ஆருக்கு எதிராப் பாவிப்பாங்களோ எண்ட பயம் எல்லாருக்கும் இருக்கு. அதால நாங்க அரசாங்கம் வெச்ச அளவுகோலை எடுக்கல்ல. செத்த ஆக்களுக்கு விளக்கு வெக்கிறது தீவிரம் இல்ல. காணி கேக்கிறது, பிரதேச செயலகம் கேக்கிறது, மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்கு ரோட்டில நிக்கிறது, எந்தக் கட்சியை எவ்வளவு காரமாத் திட்டினாலும் அது தீவிரம் இல்ல. ஒரு ஆளை அவர் பிறந்த சனத்தை வெச்சு மனிசன் இல்ல எண்டு சொல்லுறது, அவர்ட தொழிலை அழிக்கச் சொல்லுறது, அடிக்கச் சொல்லுறது, பொய் எண்டு தெரிஞ்சும் வதந்தியைத் தட்டி விடுறது, இதில ஒண்டு வந்தா, கேட்டும் அழிக்காட்டி, தொடுப்பு இல்ல. இவ்வளவுதான். இதை நாங்க எழுதி விபரப் பகுதியில போட்டிருக்கம், கழட்டுறதுக்குப் பிறகு இல்ல, முதலே போட்டிருந்தம். அதால "எங்களுக்கு மட்டும் புதுச் சட்டமா" எண்டு அவங்களால கேக்க முடியல்ல.

இன்னொண்டு, மற்றச் சனத்திட குறூப்பைக் கழட்ட எவனுக்கும் தைரியம் வரும், ஊருக்குள்ள கைதட்டும் விழும். உன்ட சனத்திட குறூப்பை நீ கழட்டினாத்தான் அந்த அளவுகோலுக்குப் பெறுமதி. எங்கட பக்கத்துக் குறூப்பைக் கழட்டக்குள்ள நாங்க, தமிழ் அட்மின்மார்தான், பேர் போட்டு அறிவிச்சம். காட்டிக் குடுத்தவன் எண்டும் வந்திச்சு, அதை விட மோசமாவும் வந்திச்சு. ஆக்கள் கொஞ்சம் விட்டுப் போனாங்க. கொஞ்ச நாளில ஒரு பயான் (முஸ்லிம் மார்க்கப் பேச்சு) குறூப்பில மற்றச் சமயத்து ஆக்களை மனிசரா மதிக்கவே கூடாது எண்ட மாதிரி வொய்ஸ் வந்திச்சு, அதை நாங்க வாய் திறக்க முதலே மருதமுனை நானா தன்ட பேரில கழட்டினார். அவருக்கும் தன்ட ஊரில பேச்சு விழுந்திருக்கும், எங்களுக்கு அவர் சொல்லல்ல. இந்த ரெண்டும் நடந்த பிறகுதான் பட்டியல்ல பேர் வந்த அந்தக் கடைக்காரர் திரும்ப ரத்தக் குறூப்பில கதைக்கத் தொடங்கினார்.

ஆப்பிட குறைகளையும் சொல்லணும். கொமியூனிட்டி அட்மினுக்கு ஒரு குறூப்பைக் கழட்டவும் ஏலும், ஒரு ஆளை முழுசா எடுக்கவும் ஏலும், ஆனா நடுவில ஒண்டும் இல்ல. "ரெண்டு கிழமைக்கு நிப்பாட்டி வெச்சுப் பார்ப்பம்" எண்டு செய்ய வழி இல்ல, குறூப்புக்கு எச்சரிக்கை எண்டு ஒண்டு குடுத்துப் பதிஞ்சு வெக்க வழி இல்ல, ஆர் எதுக்காகக் கழட்டினது எண்டு பிறகு வாற அட்மின் பார்க்கிறதுக்கு ஒரு பதிவும் இல்ல. நாங்க அதை ஒரு கொப்பியில எழுதி வெச்சிருக்கம், என்ட கருத்துப்படி எல்லாரும் அப்பிடிச் செய்யணும். ரிப்போர்ட் பண்ணினா கடைசி அஞ்சு மெசேஜ் கொம்பனிக்குப் போகும் எண்டு சொல்லுறாங்க, ஆனா வெறுப்புப் பேச்சு அஞ்சு மெசேஜில விளங்குற சாமான் இல்ல, மாசக் கணக்கா ஊறி வாறது. போர்வர்ட் கட்டுப்பாடு நல்ல வேலை: ஏற்கெனவே போர்வர்ட் ஆன செய்தியை இனி ஒரு நேரத்தில ஒரு குறூப்புக்குத்தான் அனுப்பலாம், அந்த எரிச்சலே கனபேரை நிப்பாட்டும். வொய்ஸ் கிளிப்பைச் சேமிச்சு புதுசு மாதிரி ஏத்தினா அது பிடிபடாது, அதுக்கு எங்கட கண்தான் காவல்.

அறிவித்தல் வசதிக்கும் நம்பர் மறைப்புக்கும் அஞ்சு. கழட்டுற வசதிக்கு, சுகமா வேலை செய்யுறதால, நாலு. எச்சரிக்கை, பதிவு ஒண்டும் இல்லாததுக்கு ரெண்டுக்கு மேல குடுக்க மனசு வரல்ல.

மாரி தொடங்க முதல் உங்கட ஊருக்கும் இப்பிடி ஒண்டு செய்ய நினைச்சா, ரெண்டு சனத்திலயும் இருந்து அட்மின் போடுங்க, ஒரு பொம்பிளையாவது இருக்கணும், விதியை முதல் நாளே எழுதிப் போடுங்க. எங்கட அந்தப் பழைய குறூப்பிட பொடியன் ஒருத்தன் வெள்ளத்துக்கு முதல் திரும்பத் தொடுக்க ஏலுமா அண்ணன் எண்டு கேட்டிருக்கான். கடைப் பட்டியலை அழிச்சு, போட்ட இடத்திலேயே அது பிழை எண்டு எழுதினா தொடுப்பம் எண்டு சொல்லி இருக்கம். தோணி அவனுகளிட்டத்தான் இருக்கு, எங்களுக்கும் அவனுகள் தேவைதான், ஆனா பட்டியல் கிடக்கிற வரைக்கும் இல்ல.